நினைவகத்துக்கு இட்ட பூட்டு

பொருளொன்றைக் காசு கொடுத்து வாங்கியவன் அதன் உடைமையாளனா, அல்லது சில காலம் அதனைப் பாவிப்பதற்கு அனுமதி பெற்றவன் மட்டுந்தானா? மண்வெட்டி, தையல் இயந்திரம், துவிச்சக்கர வண்டி முதலியவற்றைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி எழுந்ததே இல்லை. மண்வெட்டிப் பிடி முறிந்தால் வேறு பிடி இடுகிறோம். துவிச்சக்கர வண்டியிலே சுமை ஏற்ற வேண்டுமாயின் பின்னால் ஒரு தாங்கியைப் பூட்டிக்கொள்கிறோம். அதற்காக எந்தக் கம்பனியின் உத்தரவையும் நாம் வேண்டி நிற்பதில்லை. ஆனால் நம் பிள்ளைகளின் கைக்கு இன்று வந்திருக்கும் கருவிகளுள் மிக முக்கியமானதாகிய வீட்டுக் கணினியிலே, சிறப்பாக மடிக்கணினியிலே, இந்தப் பழைய உரிமை ஓசையின்றிப் பறிபோய்க்கொண்டிருக்கிறது. வாங்கியவர் பின்னொரு நாளில் நினைவகத்தைக் கூட்டிக்கொள்ள இயலாதவாறு, அதனைத் தாய்ப்பலகையோடு பற்றாசு இட்டு ஒட்டி விற்பது வழக்கமாகி வருகின்றது. இவ்வாறு செய்வதற்கு உற்பத்தியாளர் கூறும் நியாயங்கள் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கிய ஏடொன்றிலே இதற்கு என்ன இடம் என்று வினவும் அன்பர்கள் இருக்கக்கூடும். அச்சியந்திரம் யார் கையில் இருந்தது என்பதை ஒதுக்கிவிட்டுத் தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுத முடியுமா? 1849இல் ஆறுமுக நாவலர் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவியிராவிட்டால், அவருடைய பாடநூல்களும் பதிப்புகளும் எந்த உருவில் நமக்குக் கிடைத்திருக்கும்? எழுதுகருவி யாருக்குச் சொந்தம் என்பது எழுதுபவனின் பிரச்சினை. ஆகவே வாசிப்பவனின் பிரச்சினையுங்கூட. இன்றைய மாணவன் கட்டுரை எழுதுவதும், நூலகத்தில் இல்லாத நூலைத் தேடி வாசிப்பதும் கணினியிலேதான். அந்தக் கருவியின் ஆயுளை யார் நிர்ணயிக்கிறார்கள் என்று கேட்பது நமது கடமை.

1. பூட்டின் வரலாறு

நினைவகம் என்று இங்கே குறிப்பது கோப்புகளை நிலையாகச் சேமித்து வைக்கும் வட்டையன்று. வேலை நடைபெறும் வேளையில் அதற்கு வேண்டியவற்றைத் தற்காலிகமாகப் பரப்பி வைக்கும் இடத்தையே குறிக்கிறோம். கடைகளில் ரேம் என்று வழங்குவது இதுவே. வட்டைப் புத்தக அலுமாரி என்று கொண்டால், நினைவகம் எழுதுமேசை. மேசை சிறிதானால் ஒரு நூலை விரிப்பதற்கு இன்னொன்றை மூடி அலுமாரியில் வைத்துவிட்டு வரவேண்டும்; எழுதுபவனின் பொழுது எழுந்து நடப்பதிலே கழிந்துவிடும். நினைவகம் போதாத கணினி மந்தமடைவது இவ்வாறுதான். அதன் செயலி நன்றாக இருக்கும். திரையும் விசைப்பலகையும் நன்றாக இருக்கும். ஆயினும் மேசை சிறிதான ஒரே காரணத்தால் பொறி முழுவதுமே பழசாகிவிட்டது என்ற எண்ணம் பாவிப்பவனுக்கு ஏற்பட்டுவிடுகிறது. அந்த எண்ணத்திலேதான் அடுத்த பொறியின் விற்பனை தங்கியிருக்கிறது.

வீட்டுக் கணினி பிறந்த காலத்தில் நிலைமை இப்படி இருக்கவில்லை. 1977இல் வெளிவந்த ஆப்பிள் இரண்டு என்னும் கணினி 4 கிலோபைட் நினைவகத்துடனும் விற்கப்பட்டது. வாங்கியவர் வசதி வந்தபோது அதனை 48 கிலோபைட் வரை பெருக்கிக்கொள்ளலாம். மேலதிக உறுப்புகளைச் செருகுவதற்கென எட்டுச் செருகுவாய்கள் அதில் இருந்தன. அவை எட்டும் வேண்டும் என்று வாதாடியவர் அதனை வடிவமைத்த ஸ்டீவ் வொஸ்னியாக். குறைத்துவிட விரும்பியவர் அவருடைய கூட்டாளி ஸ்டீவ் ஜொப்ஸ். இங்கிலாந்தில் 1981இல் வெளியான சின்கிளேயர் இசட்.எக்ஸ். 81 என்னும் மலிவுக் கணினியில் இருந்தது ஒரேயொரு கிலோபைட் நினைவகம். ஆனால் அதன் முதுகிலே 16 கிலோபைட் நினைவகப் பெட்டியொன்றைச் செருகிக்கொள்ளலாம். அந்தப் பெட்டி இறுக நில்லாது; சற்று ஆடினாலும் தட்டச்சிட்டவை யாவும் அழிந்துபோகும். அவ்வளவு குறையுடைய பொருளாயினும், வறிய மாணவனொருவன் இன்று பொறியையும் அடுத்த ஆண்டு நினைவகத்தையும் வாங்குவதற்கு அது இடம் கொடுத்தது.

பூட்டு முதன்முதலில் பகிரங்கமாக விழுந்தது 1984 ஜனவரியில். விக்டோரியா அணைக்கட்டின் நீர் பழைய தெல்தெனிய நகரை மூடிய அதே ஆண்டில், கடலுக்கு அப்பால் ஆப்பிள் கம்பனி மேக்கின்டோஷ் என்னும் கணினியை வெளியிட்டது. அதன் நினைவகம் 128 கிலோபைட். கூட்டுவதற்கு வழி எதுவும் வைக்கப்படவில்லை. பெட்டியைத் திறப்பதற்கே வீடுகளில் இல்லாத ஒருவகை நீண்ட திருப்புளி வேண்டியிருந்தது. இந்த நினைவகம் விரைவில் போதாமற் போகும் என்பதை அதன் தாய்ப்பலகையை வடிவமைத்த பொறியியலாளர் பேர்ரல் ஸ்மித் உணர்ந்திருந்தார். ஆதலால் பெரிய சில்லுகள் சந்தைக்கு வரும்போது துணிந்தவர்கள் பழையவற்றைக் கழற்றிப் புதியவற்றைப் பொருத்திக்கொள்ளத்தக்கதாகச் சில மின்தடங்களைப் பலகையில் கூடுதலாக இட்டுவைத்தார். அதே ஆண்டு செப்டெம்பரில் 512 கிலோபைட் கொண்ட மேக்கின்டோஷைக் கம்பனியே விற்கத் தொடங்கியது.

இந்தச் சிறு நிகழ்ச்சியிலே முழுப் பிரச்சினையும் அடங்கியிருக்கிறது. உழைக்கும் பொறியியலாளன் தன் ஆக்கம் நெடுநாள் வாழ வேண்டும் என்று விரும்புகிறான். விற்பவனோ அது குறித்த நாளில் முதுமை அடைய வேண்டும் என்று விரும்புகிறான். ஒரே கூரையின் கீழ் இவ்விரு விருப்பங்களும் மோதுகின்றன. ஆகவே பூட்டு தொழில்நுட்பத்தின் தவிர்க்க முடியாத விளைவு என்று எவரேனும் கூறினால், அந்தப் பலகையில் இடப்பட்ட கூடுதல் தடங்களை அவருக்குச் சுட்டிக்காட்டலாம்.

அதன் பின்னர் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் பொதுவான கணினிகளில் நினைவகம் கழற்றிப் பூட்டத்தக்கதாகவே இருந்தது. 2008இல் வந்த மக்புக் எயர் என்னும் மெல்லிய மடிக்கணினியில் 2 கிகாபைட் நினைவகம் பலகையோடு ஒட்டப்பட்டது. 2012இல் அதே கம்பனியின் விலையுயர்ந்த மடிக்கணினிக்கும் இம்முறை பரவியது. பிறகு ஏனைய கம்பனிகளும் அவ்வழியே சென்றன. மேசைமேல் வைக்கும் மக் மினி என்னும் சிறு கணினியின் கதை இன்னும் விசித்திரமானது. 2014இல் அதன் நினைவகம் ஒட்டப்பட்டது. 2018இல் மீண்டும் செருகுவாய்க்கு வந்தது. 2020இல் செயலியோடு ஒரே பொதிக்குள் வைக்கப்பட்டு மறுபடியும் பூட்டுண்டது. வரலாறு முன்னோக்கிய ஒற்றைப் பாதையிற் சென்றது என்பதற்கு இது நல்ல சான்றன்று.

2. உற்பத்தியாளரின் நியாயங்கள்

உற்பத்தியாளர் தரப்பிலே கூறப்படுவனவற்றை ஏளனம் செய்து ஒதுக்கிவிடுவது நேர்மையான விமர்சனமாகாது. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்ப்போம்.

முதலாவது, மெல்லிய உடல் என்னும் நியாயம். செருகுவாய் இடத்தை அடைத்துக்கொள்கிறது. மக்கள் மெலிந்த பொறியையே விரும்புகிறார்கள் என்பர். கையிற் சுமந்து திரிவோர்க்கு எடை குறைவு நன்மையே, அதனை மறுப்பதற்கில்லை. எனினும் விளம்பரங்களின் மொழியைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். மெலிவு, இலேசு, ஒளிர்வு, தடையின்மை என அழகுச் சொற்கள் அங்கே கொட்டிக் கிடக்கின்றன. நீடிப்பு, திருத்தம், கைமாறல் என்ற சொற்களைத் தேடியும் காண முடியாது. வாங்குபவரோ உடைமையாளர் என்ற பெயரை இழந்து பயனர் ஆகிவிட்டார். பயனர் என்பவர் பயன்படுத்துகிறவர், அவ்வளவே. உடைமையாளருக்கோ மாற்றவும் கொடுக்கவும் திறந்து பார்க்கவும் உரிமை உண்டு. சொல் மாறும்போது உறவும் மாறிவிடுகிறது என்பதை இலக்கியம் கற்றோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலும், பயணம் செய்யாத மேசைக் கணினியும் வீட்டுக் கூடத்தை விட்டு நகராத பருத்த மடிக்கணினியும் மெலிவின் பெயரால் பூட்டப்படுவதற்கு இந்த நியாயம் எவ்வகையிலும் பொருந்தாது.

இரண்டாவது, விரைவும் மின்சிக்கனமும் என்னும் நியாயம். மூன்று நியாயங்களுள் கனமானது இதுவே. குறைந்த மின்னழுத்தத்தில் மிகு விரைவில் இயங்கும் புதுவகை நினைவகச் சில்லுகள் செயலிக்கு மிக அண்மையில் இருக்க வேண்டும். இடையிலே செருகுவாயும் நீண்ட தடமும் வந்தால் சைகை சிதைகிறது. திருத்தும் உரிமைக்காகவே தொடங்கப்பட்டு, ஒவ்வோர் உறுப்பையும் வாங்கியவரே கழற்றத்தக்க மடிக்கணினிகளை 2021 முதல் விற்றுவரும் ஃப்ரேம்வேர்க் என்னும் அமெரிக்கக் கம்பனிகூட, 2025 பெப்ரவரியில் அறிவித்த மேசைக் கணினியொன்றில் நினைவகத்தை ஒட்டியே வைத்தது. தெரிந்தெடுத்த செயலியோடு கழற்றத்தக்க நினைவகத்தை இணைத்துப் பார்க்க முயன்றதாகவும் சைகைத் தரம் இடங்கொடுக்கவில்லை என்றும் அது விளக்கம் கூறியது. எனவே ஒட்டுவதெல்லாம் சூழ்ச்சி என்று கூறுவோமாயின் நாம் உண்மையை விட்டு விலகுவோம்.

ஆனால் இந்த நியாயம் எதுவரை செல்லும்? தடையைக் கடப்பதற்கான வழியையும் பொறியியலாளரே கண்டுபிடித்திருக்கிறார்கள். பலகையின்மேல் தட்டையாகக் கிடத்தி ஆணிகளால் முடுக்கும் புதுவகை நினைவகத் தகட்டுக்குரிய நியமம் 2023 டிசெம்பரில் வெளியிடப்பட்டது. 2024இல் லெனோவோ கம்பனி அதனைத் தனது மடிக்கணினியொன்றிற் பொருத்தி விற்பனைக்கு விட்டது. இம்முறையில் மின்சிக்கனமுடைய சில்லுகளையே கழற்றிப் பூட்ட முடிகிறது. அது இன்று விலைகூடிய பொறிகளுக்குள் நிற்கிறது என்றால், அதற்குக் காரணம் இயற்பியல் மட்டுமன்று; மலிவுப் பொறிகளுக்கும் அதனைக் கொண்டுவருமாறு எவரும் வற்புறுத்தவில்லை என்பதுமாகும். அன்றியும் நமது கடைகளில் விற்பனையாகும் மலிவு மடிக்கணினிகள் பலவற்றில் ஒட்டப்பட்டிருப்பது இத்தகைய அதிவிரைவு நினைவகமன்று. செருகுவாயில் இருந்தாலும் அதே விரைவில் இயங்கக்கூடிய சாதாரண நினைவகமே ஒட்டப்பட்டிருக்கிறது. விலையுயர்ந்த பொறியின் நியாயத்தை மலிவுப் பொறியின் பூட்டுக்குச் சாட்சியாக அழைக்கிறார்கள்.

மூன்றாவது, உறுதி என்னும் நியாயம். செருகுவாய் தளரும், தூசி சேரும், ஈரம் பிடிக்கும் என்பர். மலைநாட்டு ஈரலிப்பில் வாழும் நமக்கு இது தெரியாததன்று. மாரி காலத்தில் பாடசாலைக் கணினி இயங்க மறுத்தால், நினைவகத் தகட்டைக் கழற்றி அதன் பொன்னிறத் தொடுமுனைகளை அழிறப்பரால் துடைத்து மீண்டும் செருகுகிறோம். பல வேளைகளில் அது உயிர் பெற்றுவிடுகிறது. ஐந்து நிமிட வேலை; செலவு ஒரு சதமுமில்லை. ஒட்டப்பட்ட சில்லு பழுதானால் என்ன நிகழும்? வெப்பக்காற்றினால் அதனைப் பெயர்த்து மாற்றத்தக்க கைதேர்ந்தவர் அருமை. பெரும்பாலும் தாய்ப்பலகை முழுவதையும் மாற்றச் சொல்வார்கள். அதன் விலையைக் கேட்டவர் பழைய பொறியைக் கைவிட்டுவிடுவார். அரிதாக நேரும் பழுதாயினும், நேர்ந்தால் மீளமுடியாத பழுதை உறுதி என்று அழைப்பது சொல்லுக்குச் செய்யும் அநீதி.

பெரும்பாலோர் நினைவகத்தைக் கூட்டுவதே இல்லை என்பதும் சில வேளைகளிற் கூறப்படும். மூன்றாண்டுக்கு ஒரு முறை புதுப்பொறி வாங்கும் செல்வந்த நாட்டு வாடிக்கையாளரை மனத்திற் கொண்டு சொல்லப்படுவது அது. அவர் கைவிடும் பொறி அங்கே மடிவதில்லை. பாவித்த கணினி என்ற பெயரில் அது நமது நாட்டுக் கடைகளுக்கு வருகிறது. இரண்டாம் கைக்கும் மூன்றாம் கைக்கும் மாறுகிறது. முதற்கை செய்யாததை மூன்றாம் கை செய்ய வேண்டியிருக்கிறது. கணக்கெடுப்பில் அந்த மூன்றாம் கை வாடிக்கையாளராகவே எண்ணப்படுவதில்லை.

விலையைப் பற்றியும் ஒரு சொல். மக்புக் எயரில் நினைவகத்தை 8 கிகாபைட்டிலிருந்து 16 கிகாபைட்டாக உயர்த்தி வாங்குவதற்குப் பல ஆண்டுகளாக அறவிடப்பட்ட மேலதிகத் தொகை 200 டொலர். 2024 ஒக்டோபர் இறுதியில், விற்பனையில் இருந்த அதே பொறிகளின் ஆரம்ப நினைவகம் விலை உயராமலே 16 கிகாபைட் ஆக்கப்பட்டது. முதல் நாள் வரை 200 டொலர் பெறுமதி உடையதாகக் காட்டப்பட்ட பொருள் மறுநாள் இலவசமாயிற்று! செருகுவாய் இருந்திருந்தால் வாங்குபவர் வெளிச்சந்தையில் நினைவகத்தை வாங்கிப் பூட்டியிருப்பார். அத்தகைய விலை நின்றிராது. பூட்டின் பயன் எங்கே விளைகிறது என்பதற்கு இதனைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

3. தூணின் தலையில் விட்ட கம்பி

நமது ஊர்களில் ஏழை எளியவர்கள் வீடு கட்டும் முறையைப் பாருங்கள். கையிலுள்ள பணத்துக்கு இரண்டு அறைகளைக் கட்டிக் குடிபுகுவார்கள். மேலே எழும் தூண்களின் தலையில் இரும்புக் கம்பிகளை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். மகன் உழைக்கத் தொடங்கினாலோ சீட்டுப் பணம் கைக்கு வந்தாலோ மேல்மாடி எழும். துருவேறிய அந்தக் கம்பிகள் அழகானவையல்ல. ஆனால் வறியவனின் எதிர்காலம் அவற்றிலேதான் கட்டப்பட்டிருக்கிறது. முழு வீட்டையும் இன்றே கட்டு, அல்லது இரண்டு அறையோடு என்றென்றும் இரு என்று எவரேனும் சட்டம் இயற்றினால் அதனைக் கொடுமை என்போம். ஒட்டப்பட்ட நினைவகம் இடுகின்ற சட்டம் இதுவே. கணினியின் செருகுவாய் அந்தத் தூணின் தலையில் விட்ட கம்பி. வறியவருக்கு வட்டியில்லாமற் கிடைக்கும் தவணை முறை அது ஒன்றுதான்.

2020 மார்ச்சில் கொரோனா நோயினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்த உண்மை நமது கண்முன்னே நடந்தது. கல்வி திரைக்கு மாறியது. திரை இல்லாத பிள்ளை கல்விக்கு வெளியே நின்றது. நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்று பிரிவுகளுள் கணினி மிகக் குறைவாக உள்ள இடம் தோட்டப்புறமே என்பதை அரசாங்கத்தின் கணக்கெடுப்புகள் தொடர்ந்து காட்டி வந்திருக்கின்றன. நீண்ட போராட்டத்தின் பின்னர் தோட்டத் தொழிலாளருக்கு 1000 ரூபா நாட்சம்பளம் நடைமுறைக்கு வந்தது 2021இல். ஓர் இலட்சம் ரூபாவுக்கு ஒரு மடிக்கணினி என்றால், உண்ணாமல் உடுக்காமல் நூறு நாள் கொழுந்து பறித்த கூலி அது.

என் மாணவி ஒருத்தியின் தந்தை அவ்வாண்டில் கடன்பட்டு ஒரு மடிக்கணினி வாங்கினார். நினைவகம் 4 கிகாபைட். இரண்டு ஆண்டுகளுக்குள் பாட ஒளிப்படத்தையும் எழுதும் பக்கத்தையும் ஒருசேரத் திறந்தால் பொறி அசையாமல் நின்றுவிடும் நிலை வந்தது. கண்டி நகரிலே திருத்துநரிடம் கொண்டுசென்றபோது அவர் அடித்தட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, செருகுவாய் இல்லை, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மூடிக் கொடுத்தார். விற்ற கடை இதனைச் சொல்லவில்லை, பெட்டியின்மேல் எழுதியிருக்கவுமில்லை. அந்தத் தந்தை ஏமாற்றப்பட்டார் என்று சட்டப்படி நிரூபிக்க முடியாது. அவர் எதையும் கேட்கவில்லை; கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. அறியாமையை இலாபமாக்குவது எந்தச் சட்டத்தையும் மீறாமலே நடைபெறக்கூடிய சுரண்டல்.

இதற்கிடையில் நாடும் வங்குரோத்து நிலையை அடைந்தது. 2022 மார்ச்சுக்கு முன் டொலர் ஒன்று சுமார் 200 ரூபா. மே மாதமளவில் ஏறத்தாழ 360 ரூபா. ஏப்ரல் 12ஆம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் இல்லாத நாட்டிலே, ஒரு சிறு தகட்டைச் செருகினால் மேலும் நான்கு ஆண்டு உழைக்கக்கூடிய பொறியை வீசிவிட்டுப் புதியதை இறக்குமதி செய்வது குடும்பத்தின் நட்டம் மட்டுமா? 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரியும் 18 வீதமாயிற்று. இத்தனை சுமைக்கும் மேலாகப் பூட்டின் சுமையும் அதே தோளில் ஏறுகிறது.

வீசப்பட்ட பொறி மறைந்துபோவதுமில்லை. 2022இல் உலகம் 62 மில்லியன் தொன் மின்னியற் கழிவை உண்டாக்கியது என்றும், அதில் 22.3 வீதமே முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியது என்றும் ஐக்கிய நாடுகள் சபை சார்ந்த அறிக்கை கூறுகிறது. மீதியிற் பெரும் பங்கு ஏழை நாடுகளின் குப்பைமேடுகளிலும், அவற்றை எரித்துச் செம்பு பொறுக்கும் ஏழைச் சிறுவர்களின் நெஞ்சிலும் சென்று சேர்கிறது.

4. செருகுவாய் மட்டும் போதுமா?

ஆயினும் திருத்தும் உரிமைக்காக மேனாடுகளில் எழுந்துள்ள இயக்கத்தையும் நாம் விமர்சன நோக்கோடு பார்க்க வேண்டும். அதன் குரல் பெரும்பாலும் தனிமனித நுகர்வோனின் குரல். என் பொருள், என் விருப்பம் என்பதோடு அது நின்றுவிடுகிறது. செருகுவாய் கிடைத்துவிட்டால் உரிமை முழுமை பெற்றுவிட்டது என எண்ணுகிறது. செருகுவாயிலே செருக வேண்டிய நினைவகத்தை ஆக்குபவர் யார் என்று அது போதிய அளவு கேட்பதில்லை.

உலகிலே இவ்வகை நினைவகத்தின் பெரும்பகுதியை மூன்றே கம்பனிகள் உற்பத்தி செய்கின்றன. கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரோன் என்பன அவை. இத்துறையில் விலையைக் கூடிப் பேசி நிர்ணயித்த குற்றத்துக்காக 2005இல் சாம்சங் 300 மில்லியன் டொலரும் ஹைனிக்ஸ் 185 மில்லியன் டொலரும் அமெரிக்காவில் தண்டம் செலுத்த ஒப்புக்கொண்டன. 1924இல் மின்குமிழ்க் கம்பனிகள் ஜெனீவாவிற் கூடி, குமிழின் ஆயுள் 1000 மணித்தியாலத்துக்கு மேற்படக் கூடாது என்று தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்ட வரலாற்றின் தொடர்ச்சி இது. 2025 டிசெம்பரில் மைக்ரோன் இன்னொன்றையும் அறிவித்தது. செயற்கை நுண்ணறிவுக்கான பெருங் கணினி நிலையங்களின் தேவை பெருகிவிட்டமையால், சாதாரண மக்களுக்கு நினைவகம் விற்றுவந்த குரூஷல் என்னும் தனது வணிகத்தை அது கைவிடப்போகிறதாம். சில்லறை வாடிக்கையாளனுக்கு விற்பதிலும் பெருநிலையங்களுக்கு விற்பதில் இலாபம் அதிகம். வீட்டுக் கணினியின் நினைவகம் விலையேறத் தொடங்கியிருக்கும் இவ்வேளையில், செருகுவாய் இருந்தும் செருகப் பொருளில்லாத நிலை ஏற்படக்கூடும்.

மென்பொருள் ஆக்குவோரையும் விட்டுவிட முடியாது. மைக்ரோசொஃப்ட் கம்பனி விண்டோஸ் 10 என்னும் இயக்கத் தொகுதிக்கான பொது ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்தியது. அடுத்த தொகுதியை ஏற்கத் தகுதியற்றவை என ஒதுக்கப்பட்ட பொறிகளுட் பல நல்ல நிலையிலுள்ளவை. நினைவகத்தைக் கூட்டினாலும் அவற்றுள் எல்லாவற்றுக்கும் அந்தத் தகுதி கிடைத்துவிடாது. இவ்விடத்தில் லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் உண்மையான மாற்று வழியைக் காட்டுகின்றன. கண்டியை அணைந்து நிற்கும் ஹந்தானை மலையின் பெயரால் அத்தகைய தொகுதியொன்று இந்நாட்டிலேயே ஆக்கப்பட்டதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இவற்றையெல்லாம் கூறுவது செருகுவாய்க் கோரிக்கையைத் தள்ளிவைப்பதற்காகவன்று. முழுச் சமுதாயமும் மாறும்வரை எட்டு மணி நேர வேலைக்காகப் போராட வேண்டாம் என்று தொழிற்சங்கம் எதுவும் சொன்னதில்லை. சிறிய உரிமையை வென்றெடுக்கும் போராட்டத்திலேதான் பெரிய கேள்விகளை மக்கள் கேட்கப் பழகுகிறார்கள்.

5. கோர வேண்டியவை

உற்பத்தியாளரின் வடிவமைப்பிலே சட்டம் தலையிடலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். ஏற்கெனவே தலையிட்டிருக்கிறது. மடிக்கணினி, கைபேசி முதலியவற்றை எவ்வளவு எளிதாகத் திருத்தலாம் என்பதற்குப் பத்துக்கு இத்தனை புள்ளி என விற்பனையிடத்திலே காட்ட வேண்டும் என்று பிரான்சு 2021 ஜனவரியிலிருந்து விதித்தது. கைக்கருவிகளின் மின்கலத்தைப் பாவிப்பவரே கழற்றி மாற்றத்தக்கதாக அமைக்க வேண்டும் என்று 2023இல் நிறைவேற்றிய ஒழுங்குவிதியில் ஐரோப்பிய ஒன்றியம் கூறுகிறது. 2027 பெப்ரவரி 18 அதற்குக் குறித்த நாள். அயல்நாடாகிய இந்தியாவில், விவசாயக் கருவி, கைபேசி, வீட்டுப் பாவனைப் பொருள், வாகனம் ஆகிய நான்கு துறைகளிலும் திருத்தும் உரிமையை வகுப்பதற்கு 2022 ஜூலையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. மின்கலத்தைக் கழற்றத்தக்கதாக்கு என்று ஆணையிட முடியுமாயின், நினைவகத்தைப் பற்றியும் ஆணையிட முடியும்.

நமது நாடு கணினி உற்பத்தி செய்யும் நாடன்று. ஆதலால் நம் சொல் அம்பலம் ஏறாது என்று மனஞ்சோர வேண்டியதில்லை. வாங்குபவரின் கையிலும் ஓரளவு வலு உண்டு.

முதலாவதாக, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருள்களின்மீது விபரங்களைக் குறிக்குமாறு பணிக்கும் அதிகாரத்தை அந்த அதிகாரசபைக்கு வழங்குகிறது. விற்பனையாகும் ஒவ்வொரு கணினிப் பெட்டியின்மீதும், நினைவகத்தைக் கூட்டலாமா, எதுவரை கூட்டலாம் என்பது தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்பட வேண்டும் எனக் கோருவோம். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. அந்த ஒரு வரி அச்சிடப்பட்டிருந்தால் மேலே கூறிய தந்தை வேறு பொறியை வாங்கியிருப்பார்.

இரண்டாவதாக, பாடசாலைகளுக்கும் அரச அலுவலகங்களுக்கும் பொதுப்பணத்தில் வாங்கப்படும் கணினிகளுக்கான கேள்விப்பத்திர நிபந்தனைகளில், நினைவகமும் வட்டும் கழற்றிப் பூட்டத்தக்கவையாக இருத்தல் வேண்டும் என்ற வாசகம் சேர்க்கப்பட வேண்டும். அரசைப் போல் மொத்தமாக வாங்கும் வாடிக்கையாளர் இந்நாட்டில் வேறெவருமில்லை.

மூன்றாவதாக, ஒட்டியே ஆகவேண்டிய உண்மையான தொழில்நுட்பத் தேவை உள்ள பொறிகளைப் பொறுத்தவரை, அந்தத் தேவையின் பாரத்தை உற்பத்தியாளரே சுமக்க வேண்டும். கூட்ட முடியாத நினைவகத்தைப் போதாத அளவில் வைத்து விற்பது நிறுத்தப்பட வேண்டும். உத்தரவாத காலமும் நீட்டப்பட வேண்டும். கதவை மூடுபவன் வீட்டுக்குள் இருப்பவருக்குப் போதிய காற்றுக்கு வழி செய்ய வேண்டும் அன்றோ?

ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு பணி உண்டு. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்தில் நினைவகத்தின் வரைவிலக்கணத்தை மனப்பாடம் செய்விக்கிறோம். பழைய கணினியொன்றின் மூடியைத் திறந்து, இதோ நினைவகம், இதனை இப்படிக் கழற்றலாம், இதன் விலை இவ்வளவு என்று ஒவ்வொரு மாணவனின் கையிலும் கொடுத்துக் காட்ட வேண்டும். திறந்து பார்த்த பிள்ளை பின்னர் திறக்க முடியாத பெட்டியைக் கண்டால் ஏன் என்று கேட்கும். விலையைக் கேட்பதோடு நில்லாமல், இதனைக் கூட்ட முடியுமா என்று கடையிற் கேட்கும் வாடிக்கையாளர் பெருகும்போது, இறக்குமதியாளரும் அதே கேள்வியைக் கம்பனியிடம் கேட்கத் தொடங்குவார்.

கணினி உற்பத்தியாளர் நினைவகத்தைக் கூட்ட இடமளிக்க வேண்டுமா என்ற கேள்வி சலுகையொன்றை வேண்டும் தொனியிற் கேட்கப்படுகிறது. இடமளிப்பதற்கு அவர்கள் யார்? பொருளை விற்றுவிட்டார்கள், பணத்தைப் பெற்றுவிட்டார்கள். விற்ற பின்னும் அதன் ஆயுளின்மீது ஆட்சி செலுத்துவதற்கு அவர்கள் ஏன் நியாயம் காட்ட வேண்டியதில்லை என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி. உழைத்து வாங்கிய கருவி உழைப்பவனுக்கே உரியது. அவன் மேசையை அகலமாக்க விரும்பினால் அதற்கு வேண்டிய பலகையைச் சேர்க்கும் உரிமையும் அவனுடையதே.